கிராண்டில் ஏறிய கேவியட்டை எடுக்க யார் எதை நிரூபிக்க வேண்டும்? மலேசிய நிலங்களுக்கான கேள்வி-பதில்

கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நிலக் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. வீட்டை விற்கப் போன இடத்திலோ வங்கிக் கடனை மாற்றப் போன இடத்திலோ "உங்கள் கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) கேவியட் இருக்கிறதே" என்ற பதிலைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் அநேகமாக ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இதில் உள்ளது தீபகற்ப மலேசியாவுக்கான தேசிய நிலச் சட்டம், அதிலும் தனியார் கேவியட் பற்றியது மட்டும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனி நிலச் சட்டங்கள் உண்டு. பொதுவான வழிமுறையைத்தான் சொல்ல முடியும். உங்கள் கோப்பைப் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் லோயர்.

கேவியட்னா என்ன? நிலம் எங்க கையை விட்டுப் போயிடுச்சா?

போகவில்லை. நிலம் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. "இந்த நிலத்தில் எனக்கும் ஓர் உரிமை இருக்கிறது, அது தீரும்வரை கைமாற்றாதீர்கள்" என்று இன்னொருவர் நிலப் பதிவேட்டில் போட்டு வைத்த தடைக்குறிப்புதான் கேவியட். அது இருக்கும்வரை பெயர் மாற்றம், வங்கிக்கு அடமானப் பதிவு போன்ற எதுவும், கேவியட் போட்டவர் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய, பதிவாகாது.

நம் நாட்டில் பதிவேட்டில் பெயர் ஏறியவருக்குத்தான் உரிமை. ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டிய ஒருவர், பெயர் ஏறுவதற்குள் நிலம் வேறொருவருக்குப் போய்விடாமல் காத்துக்கொள்ள இந்தத் தடை அவசியம். ஆகவே கேவியட் என்றாலே அநியாயம் என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு நீங்களே வாங்குபவராக இருந்தால் உங்கள் லோயரும் முதல் வேலையாக இதைத்தான் போடுவார்.

ஊர்ல கோர்ட்டுல கேவியட் மனு போடுவாங்களே, அதானே இது?

இல்லை. இந்தியாவில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவின் கீழ் போடுவது, "என்னைக் கேட்காமல் எதிராளிக்கு உத்தரவு கொடுக்காதீர்கள்" என்று நீதிமன்றத்திடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது. அது 90 நாளில் காலாவதியாகிவிடும். இங்கே நாம் பேசுவது நிலப் பதிவேட்டில் ஏறும் தடை. தமிழ்நாட்டு லோயர்கள் பேசும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரு ஆதாரமும் பார்க்காம நில ஆபீஸ் எப்படிப் போட விட்டாங்க?

ஆதாரத்தை எடைபோடுவது அவர்கள் வேலையே இல்லை. கேவியட் கேட்டு விண்ணப்பிக்கும் 19பி படிவம், கோரிக்கை என்னவென்று சொல்லும் சத்தியப் பிரமாணம், கட்டணம் எல்லாம் முறையாக இருந்தால் பதிவாளர் குறித்துக்கொள்வார். பிறகு 19ஏ படிவத்தில் உங்களுக்கு அறிவிப்பு அனுப்புவார். கிராண்டில் பழைய முகவரி இருந்தால் அந்த அறிவிப்பு உங்கள் கைக்கு வந்தே இருக்காது. பலர் வருடக்கணக்கில் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பதிவாளர் ஏற்றுக்கொண்டார் என்பதால் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்று அர்த்தமாகாது. பயப்படுவதற்கு முன் அந்த 19பி படிவத்தையும் கூடவே இருக்கும் சத்தியப் பிரமாணத்தையும் நகல் எடுங்கள். வழக்கு பெரும்பாலும் அந்தத் தாள்களில்தான் நிற்கிறது. ஏன் என்பதைக் கீழே மூன்று படிகள் பற்றிய பதிலில் பாருங்கள்.

கடன் கொடுத்தவர் கேவியட் போட்டிருக்கார். யார் வேணும்னாலும் போடலாமா?

முடியாது. 323ஆம் பிரிவு சொல்வது இதுதான்: நிலத்தின் உரிமையையோ பதிவு செய்யக்கூடிய ஒரு நலனையோ கோருபவர், அல்லது அவற்றைப் பெறும் உரிமை தனக்கு உண்டு என்பவர் போடலாம். அறக்கட்டளை முறையில் (டிரஸ்ட், அதாவது சொத்து ஒருவர் பெயரில் இருந்தாலும் பலன் இன்னொருவருக்குச் சேர வேண்டிய நிலை) தனக்குப் பலன் சேர வேண்டும் என்பவரும், சிறாருக்காக நிற்கும் பாதுகாவலரும் போடலாம். விற்பனை ஒப்பந்தம் போட்டு வாங்குபவர் இதற்கு நல்ல உதாரணம்.

உங்களுக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்தவருக்கு உங்கள் மேல்தான் உரிமை, நிலத்தின் மேல் இல்லை. ஒப்பந்தம் முறிந்தபின் "என் முன்பணத்தைத் திருப்பிக் கொடு" என்று மட்டும் கேட்பவரும் பணம்தான் கேட்கிறார். கடன் கொடுத்து வழக்கில் ஜெயித்தவருக்கு நிலத்தின் மேல் தடையாணை வாங்கும் வேறு வழி இருக்கிறது. கடனுக்கு ஈடாக அசல் கிராண்டையே வாங்கி வைத்திருப்பவருக்கு 330ஆம் பிரிவில் தனி வகைக் கேவியட் உண்டு. மூன்று வருடத்துக்கு மேற்படாத வாடகைக்காரர், பதிவு தேவையில்லாத வாடகைக்கு என்றே இருக்கும் குறிப்பைத்தான் கிராண்டில் ஏற்ற வேண்டும்.

சரி, எடுக்கிறதுக்கு என்ன வழி?

முதலில், போட்டவரே 19ஜி படிவத்தில் திரும்பப் பெறலாம். செலவு குறைந்த வழி இது. லோயரிடமிருந்து ஒரு கடிதம் போன உடனே தீர்ந்த கோப்புகளும் உண்டு. ஆகவே எடுத்த எடுப்பில் நீதிமன்றம் வேண்டாம்.

அவர் மசியவில்லை என்றால், பதிவு பெற்ற சொந்தக்காரர் 326ஆம் பிரிவின்படி 19எச் படிவத்தில் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். பதிவாளர் 19சி படிவத்தில் எதிராளிக்கு அறிவிப்பு அனுப்புவார். அதில் குறிக்கும் இரண்டு மாதத்துக்குள் அவர் உயர் நீதிமன்றத்தில் நீட்டிப்பு உத்தரவு வாங்கி வராவிட்டால் கேவியட் தானாக விழுந்துவிடும். இங்கே நீங்கள் எதையும் நிரூபிக்கப் போவதில்லை. நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியவர் அவர்.

அப்புறம் 327ஆம் பிரிவு. கேவியட்டால் பாதிக்கப்பட்ட எவரும் எப்போது வேண்டுமானாலும் நேராக உயர் நீதிமன்றத்தில் மனுப்போடலாம். விற்பனைத் தேதி நெருங்கி இரண்டு மாதம் காத்திருக்க முடியாதபோதும், நிலம் உங்கள் பெயரில் இல்லாதபோதும் இதுதான் வழி.

அவர் சொல்றது பொய்னு நான்தானே நிரூபிக்கணும்?

அநேகமாக எல்லோரும் இந்தப் பயத்தோடுதான் வருகிறார்கள். இல்லை. மனுப்போட்டவர் நீங்களாக இருந்தாலும், கேவியட் ஏன் இருக்க வேண்டும் என்று காட்டும் சுமை அதைப் போட்டவர் தலையில்தான். அப்போது மலேசிய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1979இல் எங் மீ யோங் எதிர் லெட்சுமணன் என்ற மலேசிய வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு பெற்ற சொந்தக்காரர் "என் பெயரில் கிராண்ட் இருக்கிறது" என்று காட்டினால் முதல் கட்டத்துக்கு அது போதும். அதன்பின் பேச வேண்டியவர் எதிராளி.

காரணமும் நியாயமானதுதான். வேறு எந்த வழக்கிலும் ஒருவருடைய சொத்தை முடக்க வேண்டுமானால் முதலில் நீதிபதியிடம் தடை உத்தரவு கேட்க வேண்டும். கேவியட்டில் அந்தத் தடை ஒரு படிவத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதைக் கேள்வி கேட்கும் நாளில், முதலிலேயே நீதிபதி முன் காட்டியிருக்க வேண்டியதை எதிராளி காட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அவர் தன் உரிமையை முழுசாக நிரூபிக்க வேண்டியதில்லை. விசாரித்துப் பார்க்க வேண்டிய உண்மையான கேள்வி ஒன்று இருக்கிறது என்று காட்டினாலே அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுவார். சுமை அவர் மேல் இருக்கிறது என்று நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அவர் சொன்ன கதை மறுப்பில்லாமல் நீதிபதி முன் நிற்கும்.

லோயர் மூணு படின்னு சொன்னார். புரியற மாதிரி சொல்லுங்களேன்.

கேவியட் இருக்கலாமா, எடுக்க வேண்டுமா என்று முடிவுசெய்ய, லக்கேஜ் டிஸ்டிரிபியூட்டர்ஸ் என்ற 1995ஆம் ஆண்டு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் வகுத்துத் தந்த படிகள் அவை. முதல் படியில் நீதிபதி 19பி படிவத்தை எடுத்துப் படிக்கிறார். அதில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், 323ஆம் பிரிவு சொல்லும் உரிமை அதில் தெரிகிறதா என்று பார்க்கிறார். "விண்ணப்பதாரர் இந்த நிலத்தில் பணம் போட்டிருக்கிறார்" என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், என்ன பணம், கடனா, விலையா, பங்கா என்று எதுவும் தெரியவில்லை. "இன்ன தேதியிட்ட விற்பனை ஒப்பந்தத்தின் கீழ் நான் வாங்குபவர், பத்து விழுக்காடு கட்டியாகிவிட்டது" என்று இருந்தால் உரிமை கண்ணுக்குத் தெரிகிறது. முதல் வகைக் கேவியட் இந்தப் படியிலேயே விழுந்துவிடலாம். படிவத்தில் சொல்லாத காரணத்தை அஃபிடவிட்டில் (நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் சத்தியக் கூற்றில்) புதிதாகக் கொண்டுவந்து ஒட்டவைப்பது எதிராளிக்கு எளிதல்ல. 19பி நகலை முதலில் எடுக்கச் சொன்னது இதனால்தான்.

இரண்டாவது படியில் அந்தக் கோரிக்கைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேலே சொன்ன "விசாரிக்க வேண்டிய உண்மையான கேள்வி" என்பது இங்கேதான் வருகிறது. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதெல்லாம் வழக்கமாக இருக்காது. இரு தரப்பு அஃபிடவிட்டும் அவற்றோடு இணைத்த ஆவணங்களும்தான் பேசும்.

மூன்றாவது, கேவியட் இருந்தால் உங்களுக்கு எவ்வளவு பாதகம், எடுத்தால் அவருக்கு எவ்வளவு பாதகம் என்ற ஒப்பீடு. வாங்குபவருக்கு இங்கே ஒரு பலம் உண்டு. நிலம் தருவதாகச் சொன்ன ஒப்பந்தத்தை மீறினால் பணம் மட்டும் அதற்கு ஈடாகாது என்று 1950ஆம் ஆண்டு குறிப்பீட்டு நிவாரணச் சட்டம் அனுமானிக்கிறது. உங்கள் பக்கத்தில் கைநழுவும் விற்பனை, காலாவதியாகும் வங்கிக் கடன் கடிதம், ஏல அறிவிப்பு என்று எது இருந்தாலும் தாளோடு காட்டுங்கள். "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் எதுவும் நகராது. சில நேரம் நடுவழியும் பிறக்கும். நிலத்தை விற்கவிட்டு, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் லோயர் கணக்கில் வழக்கு முடியும்வரை வைத்திருப்பது அதில் ஒன்று. அவர் கேட்பது கடைசியில் பணமாகத்தான் முடியும் என்றால் இதை நீங்களே முன்வந்து சொல்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஒப்பந்தமே எழுதல, வாய்ப்பேச்சுதான்னா அவர் கேவியட் நிக்காதுதானே?

அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். நில விற்பனை எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் ஒப்பந்தச் சட்டத்தில் இல்லை. வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகலாம். ஆனால் அதை நம்பவைக்க அவர் பட வேண்டிய பாடு அதிகம். விலை என்ன, எந்த லாட், எப்போது கட்டுவது என்பதெல்லாம் நிச்சயமாக இல்லாவிட்டால் அது பேச்சுவார்த்தையாகவே நின்றுவிடும்.

நீதிபதி பார்ப்பது நடந்ததை. பணம் வங்கி வழியாக மாறியதா? குறிப்பில் என்ன எழுதியிருந்தது? அவர் குடிவந்தாரா? நில வரி, கதவு வரி யார் கட்டுகிறார்கள்? எதிராளி ஐந்து வருடமாக நில வரி கட்டிய ரசீதைக் காட்டினால், "அப்படி எந்தப் பேச்சும் இல்லை" என்று நீங்கள் சொல்லும் ஒற்றை வரி அதன் எதிரே நிற்காது. அவர் ஏன் வரி கட்டினார் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

அந்தக் கையெழுத்து என்னோடது இல்லைன்னு அஃபிடவிட்ல சொன்னா போதாதா?

போதாது. இது பலர் சறுக்கும் இடம். நீங்கள் இல்லை என்கிறீர்கள், அவர் ஆம் என்கிறார். "இது முழு விசாரணையில் தீர வேண்டியது, அதுவரை கேவியட் இருக்கட்டும்" என்று நீதிபதி சொல்லிவிடக்கூடும். உங்கள் மறுப்பே அவருக்கு விசாரிக்க வேண்டிய கேள்வியைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இதற்கும் மேலே சொன்ன 1979 தீர்ப்பில் வழி இருக்கிறது. அஃபிடவிட்டில் எழுதியதை எல்லாம் நீதிபதி அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பிடிகொடுக்காமல் எழுதப்பட்டதா, சம்பவம் நடந்த சமயத்திலேயே எழுதப்பட்ட, யாரும் மறுக்காத ஆவணத்தோடு மோதுகிறதா, அவரே முன்பு சொன்னதோடு முரண்படுகிறதா, இயல்பாகவே நம்ப முடியாததா என்று பார்க்கலாம். ஆகவே மறுப்போடு நிற்காமல், அந்தக் கதையோடு ஒத்துப்போகாத ஒரு தாளைத் தேடுங்கள். கையெழுத்திட்டதாகச் சொல்லும் நாளில் நீங்கள் வெளிநாட்டில் இருந்ததைக் காட்டும் பாஸ்போர்ட் முத்திரை, அந்தத் தேதிக்குப் பின்னும் அவர் உங்களை "வீட்டை எனக்கு விற்பீர்களா" என்று கேட்ட செய்தி, உடனே செய்த போலீஸ் புகார் போன்றவை பத்துப் பக்க மறுப்பைவிட அதிகம் பேசும்.

வாட்சப் செய்தி, தமிழ்ல எழுதின கைத்தாள் எல்லாம் கோர்ட்ல எடுப்பாங்களா?

எடுப்பார்கள், முறைப்படி கொடுத்தால். தமிழில் இருப்பதற்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். கைபேசியிலிருந்து அச்சடித்ததற்குச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு பொருந்தும். லோயர் அதற்கான சான்றிதழைத் தயார் செய்வார். உங்களுக்குப் பிடித்த நாலு வரியை மட்டும் வெட்டி எடுக்காமல் உரையாடலை முழுசாகக் கொடுங்கள். மீதியை எதிராளி கொண்டுவந்தால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முத்திரைச் சட்டம் தடை சொல்கிறது. அபராதத்தோடு பிந்திக் கட்டலாம். ஆனால் மனு விசாரணைக்கு வருமுன் எதிராளி அதைச் செய்தாரா என்று பாருங்கள். உங்கள் தாள்களுக்கும் இதே விதிதான்.

அப்பா வீட்டுல தங்கச்சி கேவியட் போட்டிருக்கு. பிள்ளைன்னா உரிமை இருக்குதானே, அப்புறம் எப்படி எடுக்கிறது?

எங்கள் கோப்புகளில் மனசுக்கு அதிகம் கனமானவை இவைதான். அப்பா உயில் எழுதாமல் காலமாகி, அண்ணன் நிர்வாகியாகப் பெயர் ஏற்றியிருப்பார். தங்கைக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கடன்களும் செலவுகளும் தீர்ந்து சொத்து பிரிக்கப்படும்வரை, வாரிசுக்கு இருப்பது சொத்து முறையாக நிர்வகிக்கப்பட வேண்டும் என்ற உரிமை. குறிப்பிட்ட ஒரு வீடு தன்னுடையது என்ற உரிமை அதற்குள் தானாக அடங்கிவிடாது. முதல் படியிலேயே இந்த வாதம் எழும். தீர்ப்புகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தவை அல்ல. நிர்வாகி தன் பெயரில் எழுதிக்கொள்ளவோ மலிவாகத் தள்ளிவிடவோ பார்க்கிறார் என்று காட்ட முடிந்தால் தங்கையின் கை ஓங்கும்.

நீங்கள் நிர்வாகியாக இருந்தால் கணக்கைத் திறந்து காட்டுங்கள். நிர்வாக அதிகாரப் பத்திரம், மதிப்பீட்டு அறிக்கை, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பட்டியல் எல்லாம் அஃபிடவிட்டில் இருந்தால் கேவியட் தேவையில்லை என்று சொல்ல வலு கிடைக்கும். அதற்கும் முன்னால் இதையெல்லாம் தங்கையிடமே காட்டியிருந்தால் 19ஜி படிவத்தோடு முடிந்திருக்கக்கூடியது இது.

மனைவியோ கணவரோ போட்டிருந்தால் கேள்வி சற்று மாறும். வீட்டுக்கு யார் பணம் போட்டார்கள் என்பதுதான் விஷயம். சேமநிதியிலிருந்து எடுத்த தொகை, மாதத் தவணை போன வங்கிக் கணக்கு ஆகியவை அறக்கட்டளைக் கோரிக்கைக்கு நேரடி ஆதாரம்.

நிலத்துல பாதிதான் எனக்குன்னு சொல்றவர் முழு கிராண்டையும் முடக்கலாமா?

நிலத்தின் ஒரு பகுதி மேல் மட்டும் கேவியட் ஏற்ற முடியாது என்று 322ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் பகுதிக்கு மட்டும் உரிமை கோருபவர் முழு நிலத்தையும் கட்டலாமா என்பது தனி வாதம். தோட்டத்து நிலத்தைத் துண்டு போட்டு வாங்கிய குடும்பங்களுக்கு இது அடிக்கடி வரும். 19பியில் அவர் முழு நிலத்தைக் கோருகிறாரா, பகுதியையா என்று பார்த்து முதல் அஃபிடவிட்டிலேயே எழுப்புங்கள்.

நான் சொந்தக்காரன் இல்ல, வாங்கப் போறவன். நான் மனுப்போடலாமா?

327ஆம் பிரிவில் போடலாம், 326இல் முடியாது. ஆனால் சொந்தக்காரருக்குக் கிடைக்கும் வசதி உங்களுக்கு இல்லை. கிராண்டைக் காட்டிவிட்டு உட்கார முடியாது. அந்த நிலத்தில் உங்களுக்கு என்ன சட்ட உரிமை, கேவியட் அதை எப்படித் தடுக்கிறது என்று நீங்கள்தான் முதலில் காட்ட வேண்டும். முத்திரையிட்ட ஒப்பந்தம், கட்டிய தொகைக்கு ரசீது, கேவியட்டைக் காரணம் காட்டி வங்கி எழுதிய கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். அடமானம் பதிவு செய்த வங்கிக்கும் இதே நிலைதான்.

போட்டு நாலு வருஷமாச்சு, ஒரு கேஸும் போடல. அதைச் சொல்லலாமா?

தாராளமாக. கேவியட் என்பது வழக்குப் போட்டு உரிமையை நிலைநாட்டும்வரை கிடைக்கும் இடைக்காலப் பாதுகாப்பு. போட்டுவிட்டுத் தூங்குவதற்கு அல்ல. ஆறு வருடத்தில் அது தானே காலாவதியாகும். அதற்காக ஆறு வருடமும் சும்மா இருக்க அவருக்கு உரிமை உண்டு என்று ஆகாது. மூன்றாவது படியில் இந்தத் தாமதம் அவருக்கு எதிராக நிற்கும். நீங்கள் எழுதிய கடிதங்களும் அவர் பதில் சொல்லாமல் விட்டதும் தேதி வரிசையில் இருக்கட்டும்.

எனக்கு வந்த நஷ்டத்தை அவர்கிட்ட வாங்க முடியுமா?

329ஆம் பிரிவு இடம் தருகிறது. தவறாகவோ தக்க காரணம் இல்லாமலோ கேவியட் போட்டவரும், எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் விட்டவரும் ஈடு கட்ட வேண்டும். ஆனால் கவனம், இங்கே சுமை முழுக்க உங்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. கேவியட் எடுக்கப்பட்டது என்பதாலேயே அது தக்க காரணமில்லாமல் போடப்பட்டது என்று ஆகிவிடாது. நஷ்டத்தையும், அது கேவியட்டால்தான் வந்தது என்பதையும் கணக்கோடு காட்ட வேண்டும். விற்பனை முறிந்த கடிதம், கூடுதலாகக் கட்டிய வட்டி எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எடுத்து வையுங்கள்.

ஆர்டர் கிடைச்சிடுச்சு. அவர் மறுபடி போட்டுட்டா?

நீதிமன்றம் எடுத்த கேவியட்டையோ, 19சி அறிவிப்புக்குப் பின் விழுந்த கேவியட்டையோ அதே மாதிரிக் கோரிக்கையை வைத்து மறுபடி போட முடியாது. பதிவாளர் ஏற்கக்கூடாது என்று 329ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி சொல்கிறது. வேறு அடிப்படையில் முயன்றால் பழைய 19பியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வார்த்தை மட்டும் மாறியிருந்தால் அதே கோரிக்கைதான்.

இதைவிட அவசரமானது வேறொன்று. நீதிமன்ற உத்தரவு உங்கள் கையில் இருப்பதால் மட்டும் கேவியட் போய்விடாது. முத்திரையிட்ட பிரதியை நில அலுவலகத்தில் கொடுத்து, பதிவேட்டில் ரத்துக் குறிப்பு ஏறியதும் அதிகாரபூர்வமான புதிய தேடல் ஒன்று (பதிவேட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று காட்டும் சான்று) எடுங்கள். எதிராளி மேல்முறையீடு செய்து இடைக்காலத் தடை கேட்கக்கூடும். ஆகவே உத்தரவை மேசை இழுப்பறையில் வைத்திருக்காமல் கையோடு பதிவு செய்துவிடுங்கள்.